எல்போவின் எடை

ஜூலை 14, செவ்வாய்

சர்க்கரை ஆலைக்கான குழாய் வரைபடத்தை முடித்து, சாஃப்ட்வேரில் மொத்த எடையைக் கேட்டேன். ரொம்பக் குறைவாகக் காட்டியது. பட்டியலைத் திறந்தால், குழாய் திரும்பும் இடங்களில் பொருத்தும் வளைவான எல்போ அறுபதுக்கும் எடை பூஜ்ஜியம். அந்தக் கட்டத்தை நிரப்ப மறந்தவள் நான்தான். இந்த எடையை நம்பித்தான் நாளைக்குக் குழாயைத் தாங்கும் சப்போர்ட்டுக்கு இரும்பு வெட்டுகிறார்கள்.

மேலாளர் குமரேசன் சார் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, எல்போ எல்லாம் காத்துல மெதக்குதா?"

வளைவின் நீளத்தை எடுத்து, அவ்வளவு நீளக் குழாய் எவ்வளவு கனக்கும் என்று கணக்குப் போட்டேன். அறுபதுமே ஆறு அங்குல எல்போ; ஒன்றுக்குப் பத்து கிலோ வந்தது. மனசு ஆறவில்லை. கள்ளக்குறிச்சி கடைவீதிக்குப் போய், இரும்புக்கடை பாயின் தராசில் ஒன்றைத் தூக்கி வைத்தேன். பத்தரை.

"எத்தினி வேணும்மா?" என்றார் பாய்.

"எடை மட்டும் போதும் பாய்."

"கடை வச்ச நாளா எடைய மட்டும் வாங்கிக்கினு போறது நீங்கதாம்மா!"

திரும்பி வந்து பத்தரை என்றே போட்டேன். சார் புதுக் கணக்கை உடனே ஆலைக்கு அனுப்பிவிட்டார். திட்டவில்லை.

மூன்று மாதமாக எல்போவைத் திரையில் ஒற்றை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தேன். இன்றுதான் இரண்டு கையாலும் தூக்கினேன். இனி திரை பூஜ்ஜியம் என்று காட்டினாலும் கை ஒத்துக்கொள்ளாது.