பொருந்தாத ஸ்டூல்

மார்ச் 4, திங்கள்
எங்கள் பனியன் கம்பெனியில், சரக்கு வாங்கும் ஸ்பெயின் பையரின் ஆடிட் முடிந்தது. ஒரு சாக்கில் மாட்டிக்கொண்டோம். கம்பெனி ஸ்டூல் உயரம். காலைத் தொங்கவிட்டால் செக்கிங் பாண்டியம்மாள் அக்காவுக்கு முழங்கால் வீங்கிவிடும். அதனால் வேஸ்ட் துணி அடைத்த சாக்கின் மேல் உட்கார்ந்துதான் தைத்த பீஸ்களைச் சரிபார்ப்பார். ஆடிட் அன்று சாக்கைக் குடோனில் ஒளித்துவைப்பது வழக்கம். இன்றும் வைத்தார். மதியத்துக்கு மேல் வலி தாங்காமல் திரும்ப எடுத்துவந்துவிட்டார். ஆடிட்டர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மார்ச் 5
அக்கா சாக்கில் உட்கார்ந்த காரணத்தை ஸ்பானிஷில் எழுதி அனுப்ப வேண்டுமாம். இங்கே அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆன்லைனில் படித்தது இதற்குத்தானா? தமிழில் 'சரிப்படாது' என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். இனதெக்குவாதோ – வேலைக்கு ஒத்துவராத பொருள். இனாப்ரோப்பியாதோ – இடத்துக்குத் தகாத நடத்தை. நோ ஆப்தா – வேலைக்கே லாயக்கில்லாத பெண்.
ஸ்டூலுக்கு முதல் சொல்லைப் போட்டு அனுப்பினேன். உண்மையும் அதுதான்.

மார்ச் 7
பதில் வந்துவிட்டது. ஸ்டூல்தான் காரணம் என்றால் எல்லா ஸ்டூலையும் மாற்றிவிட்டுத்தான் சரக்கை அனுப்ப வேண்டுமாம். முதலாளி மயில்சாமி கூப்பிட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.
"அம்மிணி, அத்தன ஸ்டூலையும் மாத்தறதுக்கு ஒரு வார்த்தைய மாத்தறது சுளுவுங்க. அந்தம்மாவுக்குத்தான் முடியறதில்லீன்னு எழுதிப் போடுங்க."
தலையாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 8
நோ ஆப்தா என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். அய்யோ, அவங்க பொழப்புல மண்ணள்ளிப் போடற வார்த்தை இது – என்னால முடியலயே.
கடைசியில் நடுச் சொல்லைப் போட்டேன். ஸ்டூலில் குறையில்லை, சாக்கில் உட்கார்ந்ததுதான் தகாத செயல். ஒரு கண்டிப்போடு போய்விடும். யாருக்கும் அடிபடாது.

மார்ச் 11, திங்கள்
யாருக்கும் அடிபடாதாம்! தகாத செயல் என்றால் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று பையர் கேட்டுவிட்டார். காலையிலேயே அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்பதையும் நான்தான் ஸ்பானிஷில் எழுதினேன்.

மார்ச் 18
சாக்கு அங்கேயே கிடக்கிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு
புத்தாண்டு லீவு. பழைய பஸ் ஸ்டாண்டில் பாண்டியம்மாள் அக்கா. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் அவரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் இருந்தபடியே பீஸ்களுக்குப் பிசிறு வெட்டுகிறாராம். வேறு கம்பெனியில் எடுக்கவில்லையாம்.
"எனக்காவ நல்லபடியா எழுதிப் பாத்தியாம்ல? சூப்பர்வைசர் சொன்னாவ. மொதலாளி கேக்கலன்னா நீ என்ன செய்வ, தாயி."
ஆமாக்கா என்றேன். ஊத்துக்குளி பஸ் வந்தது. நான் போகவேண்டிய பஸ் அதில்லை. ஏறிவிட்டேன்.