ரெண்டு சாய்கோடு

உங்கள் பதினாறாம் நாள் காரிய அட்டை ஒன்று இன்று பஞ்சாங்கத்துக்குள்ளிருந்து விழுந்தது. வீட்டு நம்பரில் ஒரு சாய்கோடு இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு.

முதலில் பேரப்பிள்ளைகள் சேதி. மூத்தவன் விழிஞ்ஞம் துறைமுகத்தில் எஞ்சினியர். அவன் சொன்னால் கேட்கப் பன்னிரண்டு பேர். சின்னவள் கழக்கூட்டத்து ஆபீசில் கம்ப்யூட்டருக்குப் புதிதாக ஒரு பாஷையே உண்டாக்குகிறாள். ஒரே கடிதத்தை எழுதி வைத்தால் ஆயிரம் பேர் பெயரையும் அதுவே நிரப்பிக்கொள்ளுமாம். சாலைத் தெரு அச்சுக்கூடத்தில் நாம் செய்த கல்யாணக் கடித வேலைதானே!

மாதிரிக் கடிதம் நீங்கள் எழுதுவீர்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதை எடுத்துவிட்டுப் பெயரும் நாளும் நிரப்புவது அஞ்சாம் கிளாஸ் படித்த என் வேலை. என் தாளைப் பார்த்து நீங்கள் எழுத்துக் கோப்பீர்கள். ஒருநாள் 'ஆறுமுகம் (எ) ராசு' என்று எழுதியிருந்தீர்கள். அதையும் காலியிடம் என்று நினைத்துக் கிழமையை நிரப்பிவிட்டேன்.

"ஏளா, வியாழக்கிழமையை மாப்பிள்ளைக்குப் பட்டப்பேராக்கிட்டியே!"

அன்றைக்குத்தான் சட்டம் போட்டீர்கள். அடைப்புக்குறிக்கு முன்னால் சாய்கோடு இருந்தால் நான் அந்தக் குறியைத் தொடக்கூடாது. கோக்கும்போது நீங்கள் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிடுவீர்கள்.

"நம்ம வீட்டு நம்பர்லயே கோடு கெடக்கே, அதையும் விட்டுருவியளே?"

கொஞ்சம் யோசித்தீர்கள். "அதுக்கு ரெண்டு போடு. ஒண்ண நான் எடுத்துருதேன்."

உங்கள் அட்டைக்கும் நான்தான் எழுதிக்கொடுத்தேன். கை பழக்கத்தில் ரெண்டு போட்டது. வேறு அச்சுக்கூடம், அப்படியே அடித்துவிட்டார்கள். மகன் திருப்பி அடிக்கலாம் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன்.

போன வாரம் சின்னவள் போனில் தன் வேலையைப் பெருமையாகச் சொன்னாள். "நிரப்புற குறியையே அச்சடிக்கணும்னா என்ன செய்வே, மக்களே?" என்றேன்.

"ஆச்சிக்கு எப்படித் தெரியும்? அதிலல்லோ மூணு நாளா முட்டிட்டு நிக்கோம்!"

உங்கள் சட்டத்தைச் சொன்னேன். "அப்போ கோடே வேணும்னா?" என்று மடக்கினாள். ரெண்டு போடு என்றேன். எத்தனை சிரிப்பு! அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். "வெக்கட்டா ஆச்சி?"

உன் புது போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு என்று கேட்க வாயெடுத்தேன். வைத்துவிட்டாள். இனிக் கேட்கப் போவதில்லை. கழக்கூட்டத்திலிருந்து இங்கே ஒரு பஸ் தூரம்தான், வந்தால் முகத்தையே பார்க்கலாம்.

இன்றைக்கும் கேஸ் சிலிண்டர் சீட்டில் வீட்டு நம்பர் எழுதினேன். ரெண்டு கோடுதான் விழுந்தது. கொண்டுவந்த ஆள், "அம்மே, ஒண்ணு கூடுதலா இருக்கு" என்றான்.

இருக்கட்டும் என்றேன். ஒன்றை எடுப்பது உங்கள் வேலை.