ஊறுகாய் டப்பாவில் வந்த ஊசிகள்

அக்கா,

இன்று மதியம் பயிற்சி அறையில் சாப்பாட்டு நேரம். புதிதாகச் சேர்ந்திருக்கும் துப்புரவுப் பெண்கள் ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பையிலிருந்து வாயகன்ற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து மூடியைத் திருகினார். எலுமிச்சை ஊறுகாய் வாசனை அறை முழுக்கப் பரவியது. "கொஞ்சம் வச்சுக்கிருங்க சிஸ்டர்" என்று என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன், சாப்பிட முடியவில்லை. நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. இன்னமும் அந்த மாதிரி டப்பாவைப் பார்த்தால் எனக்கு முதலில் ஊசிதான் நினைவுக்கு வருகிறது.

உங்களை நான் அக்கா என்று கூப்பிட்டது உங்களுக்குக் கடைசிவரை வேடிக்கைதான். "நீங்களும் நானும் ஒரே வயசு சிஸ்டர். வேலை பாத்துப் பாத்து நான் முத்திப் போயிட்டேன், அம்புட்டுதான்" என்பீர்கள். பதினைந்து வருடம் வார்டில் நர்ஸாக ஓடிவிட்டு, முழங்கால் தேய்ந்து, பயிற்சி அதிகாரி என்ற நாற்காலிக்கு நான் வந்து சேர்ந்த புதிது அது. நீங்கள் பரவையிலிருந்து விடிந்ததும் பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே வருவீர்கள். மூன்றாவது மாடி உங்கள் பொறுப்பு.

என் முதல் வகுப்பில் நீங்கள் இரண்டாவது வரிசையில் இருந்தீர்கள். மூன்று மணி நேரம் திரையில் படம் போட்டுப் பேசினேன். ரத்தம் பட்ட பஞ்சுக்கு மஞ்சள் பை, பிளாஸ்டிக் குழாய்க்குச் சிவப்புப் பை, கண்ணாடிப் புட்டிக்கு நீல டப்பா, ஊசிக்கு வெள்ளை டப்பா. வகுப்புக்கு முன்னால் ஒரு பரீட்சை, பின்னால் ஒரு பரீட்சை. படிக்கத் தெரியாதவர்களும் எழுதலாம், எல்லாமே படம்தான். பின்னால் வைத்ததில் அத்தனை பேரும் தேறினீர்கள். கடைசியாக, வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்க ஒரு தாள். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், சுளித்த முகம் என்று மூன்று பொம்மைகள். வந்த தாள் எல்லாவற்றிலும் சிரித்த முகத்தில்தான் டிக். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் என் கணவரிடம் காட்டினேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெகு நாள் கழித்து அதற்கான காரணத்தை நீங்கள்தான் போட்டு உடைத்தீர்கள். "ஒரு மனுசி மூணு மணி நேரம் நின்னுக்கிட்டே கத்தியிருக்கு. அதுவும் முட்டி வலியோட. மூஞ்சியச் சுளிச்ச பொம்மைல டிக் போட யாருக்கு மனசு வரும்?" நான் கேட்டது வகுப்பைப் பற்றி. நீங்களெல்லாம் பதில் சொன்னது என் முழங்காலுக்கு.

இதோடு விட்டேனா? ஒரு விதியும் எழுதினேன். வேலையில் யாருக்காவது ஊசி குத்திவிட்டால் அவர் உடனே வந்து சொல்ல வேண்டும். சொன்னவர் மறுபடியும் முழு வகுப்புக்கும் வர வேண்டும். பாடம் சரியாக ஏறாததால்தானே குத்துகிறது, இன்னொரு தரம் கேட்டால் ஏறிவிடும் என்பது என் கணக்கு. நிர்வாகத்துக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது. நான்கைந்து மாதத்தில், ஊசி குத்தியதாக வந்து சொல்பவர்கள் குறைந்துகொண்டே வந்து, ஒரு மாதம் ஒருவர்கூட வரவில்லை. அதை வரைபடமாகப் போட்டு கூட்டத்தில் காட்டினேன். கைதட்டினார்கள்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை எடுத்து அடுக்கியது நீங்கள். திரையில் அந்தக் கோடு இன்னும் நின்றுகொண்டிருந்தது. இது எதற்குக் கீழே போகிறது என்று கேட்டீர்கள். நான் பெருமையாக விளக்கினேன். நீங்கள் அந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டீர்கள்.

சரியாக ஒரு மாதம் கழித்து என் அறைக்கு வந்தீர்கள். மேசைமேல் ஒரு ஊறுகாய் டப்பாவை வைத்தீர்கள். மூடியைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. உள்ளே முக்கால் டப்பாவுக்கு ஊசிகள். எல்லாமே போட்டு முடித்த ஊசிகள். மஞ்சள் பையிலும் படுக்கை விரிப்பின் மடிப்பிலும் கிடந்தவற்றை, ஆபரேஷன் தியேட்டரில் ஒதுக்கிய பழைய இடுக்கி ஒன்றை வாங்கிவந்து, அதைக்கொண்டு எடுத்து எடுத்துப் போட்டிருந்தீர்கள். எனக்கு வந்தது கோபம்தான். யார் உங்களை இப்படிச் செய்யச் சொன்னது, எவ்வளவு ஆபத்து தெரியுமா என்று கத்தினேன்.

"நீங்க கோடு போட்டுக் காட்டுனீங்க சிஸ்டர். எனக்குக் கோடு போடத் தெரியாது. இது மூணாவது மாடி மட்டும், ஒரு மாசத்துக்கு."

பிறகு நிதானமாகச் சொன்னீர்கள். "எந்தப் பை எதுக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். போடுறது நாங்க இல்லயே. எடுக்குறதுதான நாங்க."

ஊசியைப் போடுகிறவர்கள் நர்ஸுகள், சின்ன டாக்டர்கள். அவர்களில் ஒருவரைக்கூட நான் அந்த வகுப்புக்குக் கூப்பிட்டதில்லை. அதைவிட மோசம், நானே பதினைந்து வருடம் அதைச் செய்தவள். அடுத்த படுக்கைக்கு ஓட வேண்டிய அவசரத்தில் பஞ்சையும் ஊசியையும் சேர்த்து மஞ்சள் பையில் எத்தனை முறை எறிந்திருப்பேன். அந்தப் பையை யார் கட்டுவார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பாடம் தெரியாத நான், தெரிந்தவர்களை உட்கார வைத்து மூன்று மணி நேரம் பாடம் எடுத்திருக்கிறேன்.

இவ்வளவு ஊசி கிடந்தும் யாருக்குமே குத்தவில்லையா என்று கேட்டேன். நீங்கள் இடது கையை நீட்டி ஆள்காட்டி விரலைக் காட்டினீர்கள். பையைக் கட்டும்போது குத்தியது, எட்டு நாளாகிறது என்றீர்கள். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்பதற்கு முன், நீங்களாகவே சொன்னீர்கள்.

"சொன்னா மறுபடி கிளாஸ்ல உக்காரச் சொல்லுவீங்க. அந்த ரூமு கண்ணாடிக் கதவு. போறவுக வாரவுக எல்லாம் பாப்பாக. இவ தப்புப் பண்ணவன்னு."

எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க, குத்திய மூன்று நாட்களுக்குள் மருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது நர்ஸான எனக்குத் தெரியும். அந்த மூன்று நாட்களைத் தின்றது என் வகுப்பு. யாருக்குப் போட்ட ஊசி என்று கண்டுபிடிக்க வழியில்லை. அன்றைக்கே உங்கள் ரத்தத்தைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். அதில் ஒன்றும் தெரியாது, ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் மகளிடம்கூடச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள்.

அந்த ஆறு மாதம்தான் அக்கா, நான் என் வேலையைக் கற்றுக்கொண்ட காலம். டியூட்டி முடிந்ததும் என் அறைக்கு வருவீர்கள். நான் எழுதுவேன், நீங்கள் அடிப்பீர்கள். வகுப்பை அறையிலிருந்து வார்டுக்கு மாற்றினோம். மூன்று மணி நேரம் இருபது நிமிடமாக இளைத்தது. நர்ஸும் டாக்டரும் துப்புரவாளரும் ஒன்றாக நிற்க, கட்டிய பையைத் தூக்கிக் காட்டி நீங்கள் கேள்வி கேட்டீர்கள். வெள்ளை டப்பா படுக்கையிலிருந்து பத்தடி தள்ளி இருந்ததை மருந்து வண்டியிலேயே மாட்டச் சொன்னதும் நீங்கள்தான். கை எட்டுகிற இடத்தில் டப்பா இருந்தால் பாதி பாடம் தேவையே இல்லை என்றீர்கள். பொம்மைத் தாளைக் கிழித்துப் போட்டோம். அதற்குப் பதில், மூன்று மாதம் கழித்து வார்டுக்குப் போய்ப் பைகளைப் பார்ப்பது என்று வைத்தோம். குத்தியவருக்கு மறுவகுப்பு என்ற விதியை என் கையாலேயே அடித்தேன்.

உடனே கோடு மேலே ஏறியது. மாதம் தோறும் ஆட்கள் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த கூட்டத்தில், பயிற்சி தோற்றுவிட்டதா என்று நேராகவே கேட்டார்கள். இதுவரை மறைத்தார்கள், இப்போது சொல்கிறார்கள், இந்தக் கோடு ஏறுவதுதான் நமக்கு நல்லது என்று நான் எழுந்து சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. நீங்கள் வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தீர்கள். வெளியே வந்ததும், "நல்லாத்தான் பேசுனீங்க. காலு மட்டும் தந்தியடிச்சுச்சு" என்றீர்கள்.

ஆறாவது மாதச் சோதனையும் சுத்தமாக வந்தது. தாளை வாங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "சரி சிஸ்டர், பஸ்ஸு போயிரும், நான் வாரேன்" என்று கிளம்பினீர்கள்.

இதற்கு மேல் எழுதக் கோபம் வருகிறது. உங்கள்மேல்தான். அதற்கடுத்து வந்த தை மாதம் மூன்று நாள் நெஞ்சு வலித்திருக்கிறது உங்களுக்கு. வாயு என்று மகளிடம் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று நாளும் வேலைக்கு வந்தீர்கள். மூன்றாவது மாடியில் இதய டாக்டரின் அறைக்கு வெளியே தரையைத் துடைத்தீர்கள். என்னிடம் வந்து டீ குடித்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்காம் நாள் காலையில் உங்கள் மகள் போன் செய்தாள். விரலில் குத்தியதைச் சொல்லலாம் என்று இந்தக் கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவருக்கு, நெஞ்சு வலிப்பதைச் சொல்லத் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை. குப்பையைப் பற்றித்தானே நம் பேச்சு எல்லாம்.

அதற்குப் பிறகு, வகுப்பு முடிந்து எழுதும் பரீட்சைத் தாளில் கடைசியாக ஒரு கேள்வி சேர்த்தேன். உடம்பில் எங்காவது வலித்து, யாரிடமும் சொல்லாமல் இருக்கிறீர்களா? குப்பை பிரிக்கும் வகுப்பில் இது எதற்கு என்று மேலே கேட்டார்கள். எடுக்க மாட்டேன் என்றேன். இத்தனை மாதமாக எல்லோரும் 'இல்லை' என்றே டிக் போட்டார்கள். பழைய சிரித்த முகம் மாதிரிதான் இதுவுமோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டே வைத்திருந்தேன்.

இன்று சாயங்காலம் தாள்களைப் புரட்டினேன். ஒன்றில் 'ஆமாம்'. ஊறுகாய் கொடுத்தவருடையது. போய்க் கேட்டேன். மாடி ஏறினால் மார்பு அடைக்கிறதாம், இரண்டு மாதமாக. கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு உங்கள் மூன்றாவது மாடிக்கு வந்தேன். இப்போது உள்ளே ஈசிஜி எடுக்கிறார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மிச்சமிருந்த தாள்களின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருடைய பையும் ஊறுகாய் டப்பாவும் என் மடியில் இருக்கின்றன.

உள்ளே போகும் முன் அவர் தயங்கி நின்று கேட்டார். "இதுக்காக என்னய மறுபடி கிளாஸுக்கு வரச் சொல்லுவீகளா சிஸ்டர்?"

இல்லை என்றேன் அக்கா.