மறந்துவிட்டு வரச் சொன்ன தட்டு

இன்று காலை தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், மேலே மகளின் கல்யாணப் பத்திரிகை. ஈர வெற்றிலையின் வாசனை வந்ததும் கை நின்றுவிட்டது. நீ இருந்திருந்தால் முதல் அழைப்பு உனக்குத்தான். தட்டுதான் உனக்கு ஆகாது.

சுனாமிக்கு முந்தைய கோடையில் உன் தம்பியைக் கொன்றான் ஒருவன். மரக்காணம் உப்பளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை யார் முதலில் திறப்பது என்று தகராறு. பக்கத்துப் பாத்திக்காரரின் மகன் மண்வெட்டியால் அடித்தான். உப்பு வாரிக்கொண்டிருந்த உன் கண்ணெதிரே நடந்தது. இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள்.

நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு வக்கீலிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஜாமீன் கிடைத்ததை உனக்கு வந்து சொன்னதும் நான்தான்.

"கொலை பண்ணவன எப்படிடி வெளிய விடுவாங்க?" என்று கேட்டாய்.

போலீஸ் விசாரணை முடிந்துவிட்டது, ஊரில் வீடும் நிலமும் இருப்பதால் ஓடிப்போக மாட்டான் என்று கோர்ட் நினைத்திருக்கிறது என்றேன். திண்டிவனத்தில் தங்கி ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், சாட்சிகள் பக்கம் போகக் கூடாது, ஜாமீன் என்றால் விடுதலை இல்லை என்றெல்லாம் விளக்கினேன். நீ உப்பில் வெடித்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த வருடம் அவன் தங்கைக்குக் கல்யாணம். அதற்கு ஊருக்கு வந்துபோகக் கோர்ட்டில் அனுமதி வாங்கினான். ஒரு மாலை அவன் அம்மா தட்டோடு உன் வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் அவன் பைக்கில் சாய்ந்து நின்றான். பகையான வீட்டிலிருந்து வரும் தட்டை வாங்கிவிட்டால் சண்டை தீர்ந்தது என்றுதான் நம் ஊர் எடுத்துக்கொள்ளும். அது உனக்கும் தெரியும். ஆனாலும் மஞ்சள் குங்குமத்தோடு நிற்கிற வயதானவளைத் திருப்பி அனுப்ப உனக்கு மனசு வரவில்லை. வாங்கினாய். அதன் பிறகுதான் அவன் வாய் திறந்தான்.

"எல்லாத்தையும் மறந்துட்டு வாங்கக்கா."

மறுநாளிலிருந்து உன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு நீயே கூட்டிப்போய் விட ஆரம்பித்தாய்.

ஜாமீனை ரத்து செய்ய மனு போட்டோம். ஜாமீன் கொடுக்கலாமா என்று யோசிப்பது வேறு, கொடுத்ததைப் பறிப்பது வேறு என்றார் நான் வேலை பார்த்த வக்கீல். கொலை எவ்வளவு கொடுமையானது என்று மறுபடி அழுது பயனில்லையாம். வெளியே வந்தவன் சாட்சியை மிரட்டினான் என்று காட்ட வேண்டுமாம். "கொன்றுவிடுவேன் என்று சொன்னான்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். டைப்ரைட்டரில் விரலை வைத்துக்கொண்டு உன்னைப் பார்த்தேன்.

"அவன் அப்படிச் சொல்லலியே. சொல்லாதத அடிக்காதடி," என்றாய்.

எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம். அந்த வரி இல்லாத மனு நிற்கவில்லை. கல்யாணத்துக்கு அழைத்தது மிரட்டலா, தட்டை வாங்கிக்கொண்டாரே என்று அவன் வக்கீல் கேட்டார். மனு தள்ளுபடி ஆனது. மற்ற இரண்டு சாட்சிகளின் வீட்டுக்கும் தட்டு போனது.

2006இல் வழக்கு விசாரணைக்கு வந்தது. அந்த இருவரும் ஒன்றையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கூண்டை விட்டு இறங்கினார்கள். அடுத்து நீ ஏறினாய். தட்டை ஏன் வாங்கினீர்கள் என்று அவனுடைய அதே வக்கீல் உன்னைக் கேட்டார்.

"வாசலுக்கு வந்தாங்க, வாங்கிக்கினேன். பார்த்தத மாத்திச் சொல்றேன்னு வாங்கலீங்க."

உன் ஒருத்தி சொல்லை வைத்தே தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீடு செய்து அவன் மறுபடி ஜாமீனில் ஊருக்கே வந்தான். ஒரே வரப்பில் அவன் எதிரே நடந்துபோய்த்தான் நீ கடைசிவரை உப்பு வாரினாய். காய்ச்சலில் நீ போனபோதும் அவன் வெளியில்தான் இருந்தான்.

அந்த வழக்குக்குப் பிறகு எந்த வீட்டுத் தட்டையும் நீ வாங்கியதில்லை. என் தங்கை கல்யாணத்துக்கு நான் தட்டோடு அழைக்க வந்தபோதுகூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். "வாயால கூப்புடு, வர்றேன்," என்றாய். வந்தாய்.

நாளைக்கு உன் மகன் வீட்டு வாசலில் வெறுங்கையோடு நின்று கூப்பிடப் போகிறேன். ஏன் தட்டு இல்லை என்று அவன் கேட்பான். சொல்ல வேண்டும். கோபத்தில் எனக்கு எத்தனையோ வரிகள் சேர்க்கத் தோன்றும். நீ சொல்லச் சொன்ன மாதிரி, நடந்ததை மட்டும் சொல்வேன்.