417-ஆம் எண் கோட்

ஜூன் 4, வியாழன்

பள்ளியில் இன்றும் யாரும் என்னோடு பேசவில்லை. பொய். ஒருத்தி பேசினாள். "கொஞ்சம் நகர்றியா?" என்றாள். நகர்ந்தேன்.

என் சிநேகிதி வாத்து ஊர் மாறிப் போய் நாற்பது நாள். பெஞ்சில் அவள் இடத்தில் இப்போது என் பை உட்கார்ந்திருக்கிறது. பள்ளியில் காலை ஷிஃப்ட் முடிந்து ஒரு மணிக்குக் கடைக்கு வந்தேன். கீழே சலவைக்கடை, மாடியில் வீடு. அப்பா இஸ்திரி மேசையில் நின்றார். "சாப்டியா?" "ம்." இன்றைய பேச்சுவார்த்தை அத்தோடு இனிதே முடிந்தது.

அம்மா இருந்தால் இப்படியா இருக்கும்? வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து "கொசுறு வந்தாச்சா?" என்பாள். நான் பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தேனாம், எதையோ வாங்கியதற்குச் சேர்த்துக் கொடுத்த மாதிரி. பத்தாம் வகுப்பில் அந்தப் பெயருக்காகச் சண்டை போட்டேன். எல்லோர் முன்னாலும் அப்படிக் கூப்பிடாதே என்று கத்தினேன். இப்போது கூப்பிட ஆளில்லை. இன்னும் ஒரு மாதத்தில் அம்மா போய் ஒரு வருஷம்.

ஜூன் 7, ஞாயிறு

எழுதினால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அப்பா விடுதிக்குப் படுக்கை விரிப்புகள் கொடுக்கப் போயிருந்தார். பாய்லர் அறையில் என் பழைய பள்ளி ஸ்வெட்டர் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. நீராவி அதைச் சுற்றித் திரண்டது. இரண்டு கைகளும் உப்பின. கழுத்து நிமிர்ந்தது. உள்ளே ஆள் இல்லை, வெறும் வெள்ளை ஈரம். நான் ஹேங்கரைத் தூக்கி எறிந்தேன், அது சுவரில் பட்டு என் காலிலேயே விழுந்தது. நம் வீரம் அவ்வளவுதான்.

அப்புறம் அது பேசியது. வாத்தின் குரலில்!

ஜூன் 9, செவ்வாய்

அதற்கு ஈரன் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒன்றல்ல, நாலைந்து இருக்கலாம். பாய்லர் கொதிக்கும்போது வருகின்றன. துணி இல்லாமல் அவற்றுக்கு உருவம் இல்லை. எந்தத் துணியை மாட்டுகின்றனவோ, அந்தத் துணி கேட்டதையெல்லாம் பேசுகின்றன.

ஆனால் நம்பர் சீட்டு உள்ள துணியைத் தொடுவதில்லை. கடைக்கு வரும் ஒவ்வொரு துணியிலும் ஒரு நம்பர் சீட்டு குத்துவோம், அதே நம்பர் டோக்கன் கொண்டுவந்தவர் கையில். வாடிக்கையாளர் சட்டைகள் பக்கம் போனால் ஈரன்கள் விலகிப் போகின்றன. என் ஸ்வெட்டர் வீட்டுத் துணி, அதற்கு யார் சீட்டுக் குத்துவார்கள்?

இன்று அது எங்கள் நத்தைக் கதையைச் சொன்னது. அறிவியல் சார் பாட்டிலில் வைத்திருந்த நத்தை காணாமல் போன நாள். சார் கத்துகிறார், வாத்து எழுந்து, "சார், அது நேத்தே கிளம்பிடுச்சு, இன்னும் கேட்டைத் தாண்டியிருக்காது" என்கிறாள். அவளை வெளியே நிறுத்தினார். சிரித்ததற்கு என்னையும். அந்த வராந்தாவில்தான் நாங்கள் சிநேகிதமானோம். அதற்கப்புறம் யார் தாமதமாக வந்தாலும் "நத்தை கேட்டைத் தாண்டிடுச்சா?" என்றுதான் கேட்பது.

தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். இவ்வளவு சிரித்து எத்தனை மாதம் ஆகிறது!

ஜூன் 15, திங்கள்

தினமும் போகிறேன். ஒன்றரையிலிருந்து மூன்று வரை கடை மூடியிருக்கும், அப்பா டெலிவரிக்குப் போவார். பள்ளியில் யாரும் பேசாதது இப்போது உறைக்கவே இல்லை. எனக்குத்தான் ஸ்வெட்டர் இருக்கிறதே.

ஜூன் 22, திங்கள்

வாத்து போன் பண்ணினாள். எடுத்ததும், "என்னடி, நத்தை கேட்டைத் தாண்டிடுச்சா?" என்றாள்.

"எந்த நத்தை?" என்றேன்.

அவள் சிரித்தாள், விளையாடுகிறேன் என்று நினைத்து. நான் சிரிக்கவில்லை. "நெஜமாவே தெரியலடி." அப்புறம் சொன்னாள்: "புது ஃப்ரெண்ட்ஸ் கெடச்சுட்டாங்க போல. நல்லா இரு." வைத்துவிட்டாள்.

புது ஃப்ரெண்ட்ஸா! எனக்கா!

ஜூன் 23, செவ்வாய்

நோட்டைப் புரட்டினேன். ஒன்பதாம் தேதி. என் கையெழுத்து. நத்தை, பாட்டில், வராந்தா, எல்லாம் இருக்கிறது. படிக்கிறேன், யாரோ இரண்டு பெண்களைப் பற்றிப் படிப்பதுபோல் இருக்கிறது. நாங்கள் எப்படிச் சிநேகிதமானோம் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

ஈரன் சொல்வதைக் கேட்டால், தூங்கி எழுந்ததும் அந்த ஞாபகம் நம்மிடம் இருக்காது. ஈரனிடம் போய்விடும். அதைத்தான் தின்கிறதா? நான் உட்கார்ந்து பதினைந்து நாள் ஊட்டியிருக்கிறேனா?

பாய்லர் அறைக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு, "அது என்னோட ஸ்வெட்டர், குடு" என்று கத்தினேன். உடனே கழற்றிக் கொடுத்தது. அடம் பிடிக்கவில்லை. சொந்தக்காரர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் கடை விதி. இந்தக் கடையிலேயே கிடப்பதால் அதற்கும் பழகிவிட்டது போல. ஸ்வெட்டரைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

இனி அந்த அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

ஜூன் 27, சனி

அப்பா சந்தோஷமாக இருக்கிறார். காரணம் தெரியவில்லை. டெலிவரிக்கு ஆள் வைத்துவிட்டார். மத்தியானம் "மேல போய்ப் படும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். "ம்"முக்கு மேல் இத்தனை வார்த்தை! நல்லதுதானே? நல்லதுதான்.

ஜூலை 1, புதன்

அப்பா நூல் வெட்டும்போது கத்தரிக்கோலை மேசையில் எறிந்தார். "இது என்ன கத்திரி, ஒழுங்கா வெட்டவே மாட்டேங்குது! யாரு வாங்கினா இத? தூக்கிப் போடு."

அது அம்மாவின் இடது கைக் கத்தரிக்கோல். மூன்று கடை ஏறி இறங்கி அலைந்து, கல்யாணமான முதல் வருஷம் அவர் வாங்கிக் கொடுத்தது. அந்தக் கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

"நீங்கதான்பா வாங்கினீங்க" என்றேன்.

"நானா? எதுக்கு?"

ஓடிப்போய் "வராதவங்க வரிசை"யைப் பார்த்தேன். யாரும் வாங்க வராத துணிகள் ஒரு வருஷம் தொங்கும் கம்பி அது. வருஷம் முடிந்தால் சீட்டை வெட்டிவிட்டு யாருக்காவது கொடுத்துவிடுவோம். அதன் கடைசியில்தான் அம்மாவின் பச்சைக் கோட் இருந்தது. போன ஜூலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் தோய்க்கப் போட்டாள். "நானும் கஸ்டமர்தான், டோக்கன் குடுங்க" என்று அப்பாவிடம் வம்பு பண்ணி வாங்கினாள். நம்பர் 417.

கோட் இல்லை. தரையில் வெட்டிய சீட்டு கிடந்தது.

ஜூலை 2, வியாழன் - மத்தியானம்

பார்த்துவிட்டேன். கதவு இடுக்கு வழியாக. அப்பா கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்திருக்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. எதிரே பச்சைக் கோட். அம்மாவின் குரல்.

முதல் சொல்லிலேயே காதைப் பொத்திக்கொண்டேன். பொத்துவதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஒரு வருஷம் ஆச்சு அந்தக் குரல் கேட்டு. ஒரே ஒரு நிமிஷம் கேட்டால் என்ன? ஒரே ஒரு—

இல்லை.

அப்பாவை வெளியே இழுத்து வந்து எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். நம்பவில்லை. இல்லை, நம்பினார். அதுதான் கொடுமை. "உன் ஸ்வெட்டர் பேசினத ஒருநாள் நானும் வெளிய நின்னு கேட்டேம்மா. அப்பதான் தோணுச்சு" என்றார். அப்படியானால் இது நான் திறந்துவிட்ட கதவு.

"இன்னும் கொஞ்ச நாள் மட்டும்மா. அவ இப்பதான் நல்லா பேச ஆரம்பிச்சிருக்கா."

"அப்புறம் அம்மா யாருன்னே தெரியாம போயிடும்பா!"

"தெரியலன்னா வலிக்காதில்ல?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அப்ப எனக்கு? நான் மட்டும் தனியா அவள ஞாபகம் வச்சுக்கணுமா? உங்களுக்கு வலிக்காது, எனக்கு யாரு இருக்கா? இதையெல்லாம் கத்தினேனா, மனதில் நினைத்தேனா தெரியவில்லை. அப்பா முகத்தைப் பார்த்தால் கத்தியிருக்கிறேன்.

ரொம்ப நேரம் கழித்து, "அது கோட்டக் கழட்டாதும்மா. உன்னுது நீ கேட்ட. இதுக்கு யாரு வந்து கேப்பா?" என்றார்.

சொந்தக்காரர் வர வேண்டும், இல்லையென்றால் டோக்கன் வர வேண்டும். டோக்கன் எங்கே? அம்மாவின் கைப்பை, அலமாரி, ஆஸ்பத்திரிக் காகிதங்கள், எல்லாவற்றையும் தலைகீழாகக் கொட்டினோம். இல்லை. அப்புறம் எனக்குத் தட்டியது. தோய்க்குமுன் ஒவ்வொரு துணியின் பையையும் காலி செய்து, கிடைத்ததை நம்பர் போட்ட உறையில் போட்டு டிராயரில் வைப்போம். பாதிப் பேர் டோக்கனை அந்தத் துணியின் பையிலேயே போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாள் வந்து கவுண்டரில் முழிப்பார்கள். அம்மா அவர்களை நடித்துக் காட்டினால் நாங்கள் உருண்டு புரண்டு சிரிப்போம்.

417-ஆம் உறை இருந்தது. உள்ளே ஒரு பஸ் டிக்கெட், ஒரு ஊக்கு, டோக்கன். உறையின் மேல் அப்பாவின் கையெழுத்து: "டோக்கனைப் பையிலேயே போட்டிருக்கிறாள். வந்ததும் கிண்டல் பண்ண வேண்டும்."

அப்பா அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் டிராயரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மா போனபோதுகூட அவர் என் முன்னால் அழவில்லை.

இப்போது மணி மூன்று. இரண்டு பேரும் உள்ளே போகப் போகிறோம்.

ஜூலை 3, வெள்ளி

நேற்றே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. மிச்சம் இருப்பதை எழுதுகிறேன்.

ஈரன் எங்களைப் பார்த்ததும் வேகமாகப் பேச ஆரம்பித்தது. அப்பா டோக்கனை நீட்டினார். கை அப்படியே நின்றது, முகம் அந்தக் குரல் பக்கம் திரும்பியது. அவர் காதுகளை நான் பின்னாலிருந்து பொத்தினேன். எனக்கு இருப்பது இரண்டு கைதான். "சொல்லுங்கப்பா!" என்று முதுகில் முட்டினேன்.

"நானூத்திப் பதினேழு" என்றார் அப்பா. "துணி வேணும்."

அது ஒவ்வொரு கையாகக் கழற்றியது. கழற்றும்போது என்னைப் பார்த்து ஏதோ சொன்னது, ஒரே ஒரு சொல். கோட் அப்பாவின் கையில் விழுந்தது. தரையில் ஒரு குடம் தண்ணீர் மட்டும் நின்றது, மாப் போட்டுத் துடைத்தேன்.

அந்தச் சொல் என்னவென்று இப்போது தெரியவில்லை. அதைக் கேட்டதும் ஓவென்று அழுதது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஜூலை 5, ஞாயிறு

கோட்டில் 417 சீட்டை மறுபடி குத்தி, மாடியில் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறோம். அப்பா பாய்லர் அறையில் மத்தியானம் பெரிய விசிறி போடுகிறார். வீட்டுத் துணிக்கும் சீட்டு குத்துகிறோம். என் சாக்ஸ் 502.

ஜூலை 9, வியாழன்

வாத்துக்கு போன் பண்ணினேன். "நத்தைக் கதைய மொதல்லேர்ந்து சொல்லுடி, ஏன்னு கேக்காத" என்றேன். அரை மணி நேரம் முறைப்பாகத்தான் சொன்னாள். கேட் வரும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜூலை 12, ஞாயிறு

அப்பாவுக்குக் கத்தரிக்கோல் கதையைச் சொன்னேன். மூன்று கடை ஏறி இறங்கினதை. யாரோ நல்லவனைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டார். "அப்புறம்?" என்றார். அவர் என்னிடம் "அப்புறம்?" என்று கேட்டது இதுதான் முதல் தடவை. சாப்பாடு ஆறிப்போகும் வரை பேசினோம்.

ஜூலை 20, திங்கள்

பள்ளியிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளேயிருந்து அப்பா, "கொசுறு வந்தாச்சா?" என்றார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை. உள்ளே அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார், சொல்லலாமா கூடாதா என்று பயந்த முகத்தோடு.

மேலே ஓடிப்போய் நோட்டை எடுத்தேன். ஜூன் நான்கு, முதல் பக்கம். நின்றபடியே படித்தேன். எனக்குப் பிடிக்காத பெயராம். சண்டையெல்லாம் போட்டிருக்கிறேன்.

கீழேயிருந்து இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"வந்தாச்சுப்பா" என்றேன்.