ஆறு மாதமாகத் திறக்காதவை

ஜூலை 7, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். ராயபுரத்தில் பஸ் ஏறி எண்ணூர் வரை நின்றே போனேன். வரும்போதும் அப்படியே. முழங்கால் வீக்கம். வேப்பெண்ணெய் தீர்ந்துவிட்டது.

இன்று கம்பெனியில் மெஷின் ரூமில் இருந்தவர்கள், வாசலில் கிடந்த செருப்பு வரிசைப்படி: சாரங்கபாணி சார், ரூமுக்குப் பெரியவர் (கறுப்பு ஷூ). வசந்தி, புரோகிராம் எழுதுகிற பெண் (பூப்போட்ட செருப்பு). குப்புராஜ், மெஷின் ஓட்டுகிறவன் (ரப்பர் செருப்பு, குதிகால் தேய்ந்தது). டைம் ஆபீஸ் லோகநாதன், மூன்று மணிவாக்கில் (தோல் செருப்பு, இடது வாரில் ஊக்கு). பெருக்கித் துடைக்க நான். வேறு யாருமில்லை.

தூசி மெஷினுக்கு ஆகாது, உள்ளே எல்லோரும் வெறுங்கால். வாசலைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், முகம் பார்க்க வேண்டாம். லோகநாதன் முகத்தைப் பார்ப்பதாகவும் இல்லை. என் வீட்டுக்காரர் அடக்கத்தன்று மகன் ஆரோக்கியம் இதே கம்பெனியில் காலை ஷிப்டு முடித்துவிட்டுத்தான் கல்லறைக்கு வந்தான். அந்த நாளுக்கு ஆப்சென்ட் போட்டவன், வருகை எழுதுகிற லோகநாதன். எட்டு வருஷம் ஆகிறது. அவன் உள்ளே இருந்தவரை குனிந்த தலை நிமிராமல் துடைத்தேன்.

குப்புராஜோடு சண்டை. மெஷின் அடித்த நீளத் தாள் மேசையிலிருந்து வழிந்து தரையில் கிடந்தது. தாண்டித் துடைத்தேன். அதற்கு அவன்:

"இன்னா ஆயா, கண்ணு தெர்லயா? தரைல கீறது உன் வேலைதானே? ரூமையே கலீஜா வெச்சிகினு கீறே."

ஆயாவாம். அவன் அம்மாவுக்கு என்னைவிட நாலு வயது கூட.

தரையில் கிடந்ததை ஒரே இழுப்பாக இழுத்துக் கிழித்தேன். அள்ளிக் குப்பைப் பெட்டியில் போட்டேன். சாயங்காலம் வழக்கம்போல அந்தப் பெட்டியிலிருந்து வெள்ளைப் பக்கம் நன்றாக இருப்பதாகப் பார்த்து மடித்து எடுத்து வந்தேன். அதில்தான் இது. ஒரு பக்கம் பச்சைக் கோடும் இங்கிலீஷும், மறு பக்கம் எனக்கு. மறதிக்காக எழுதவில்லை. எனக்கு மறதி கிடையாது. எழுதினால் நெஞ்சு ஆறுகிறது, அவ்வளவுதான்.

குப்புராஜை என் மன்னிக்காதவர் பட்டியலில் சேர்த்தாயிற்று. என் கொழுந்தன் சவரிக்கு அடுத்து.


ஜூலை 8, சனி

அரை நாள். வசந்திக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் டீ வரவழைத்தாள்.

அவள் சொன்னது, எனக்குப் புரிந்தவரை. கம்பெனி விவரமெல்லாம் தட்டு அடுக்கில் இருக்கிறது. இட்லித் தட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று, மேலே பிளாஸ்டிக் மூடி. அது நிரம்பிவிட்டது. புதுசு கப்பலில் வரவேண்டும், பர்மிட் கிடைக்கவில்லை. அதனால் எது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு புரோகிராம். தை மாதத்திலிருந்து அதையே திருத்திக்கொண்டிருக்கிறாள்.

முதலில் பெயர் மட்டும் அடித்தது.
பிறகு பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம். அதிக இடம் என்றால் அதிக நட்சத்திரம்.
பிறகு பெரிசு மேலே, சிறிசு கடைசியில்.
பிறகு ஒவ்வொன்றையும் கடைசியாகத் திறந்த தேதி.
இந்த வாரம் புதுசு: ஆறு மாதமாகத் திறக்காததைத் தானே அழித்துவிடும். வெள்ளிக்கிழமை தாளை மேசையில் விரித்து வைப்பாள். எது வேண்டுமோ அந்தந்த ஆபீஸ்காரர் வந்து பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்து இல்லாதது சனிக்கிழமை போய்விடும்.

தேதி பார்க்கச் சொன்னதே நான்தான். பங்குனியில் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் கேட்டாள், "உங்க வீட்ல இடம் இல்லன்னா என்ன பண்ணுவீங்க பாக்கியம்மா?"

"பெர்ஸ பாத்து இன்னாம்மா பண்றது? அரிசி டப்பா பெர்சாத்தான் கீது, தூக்கிப் போட்ருவியா? எத்தத் தொறந்து நாளாச்சோ அத்தப் பாரு."

கையைத் தட்டிச் சிரித்தாள். இன்று சாரங்கபாணி சாரிடமும் சொன்னாள், "பாக்கியம்மா ஐடியா சார்." அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வேலைக்குச் சேர்ந்து முதல் தடவை.

பன்னிரண்டு மணிக்கு ஓடவிட்டார்கள். தட்டில் கால் பங்கு காலியாம். அந்த இடத்தில் உடனே ஸ்டோர்ஸ் சரக்குக் கணக்கை ஏற்ற ஆரம்பித்தாயிற்று.

வரும் வழியில் நெத்திலி. மருமகள் பிலோமினா குழம்பில் புளி அதிகம். சொன்னேன். முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.


ஜூலை 10, திங்கள்

சாயங்காலம் ஒரு தூறல். மண் வாசனைகூட வரவில்லை, தார் வாசனைதான்.

ஆரோக்கியம் ஓடி வந்தான். இவ்வளவு பெரிய ஆள், மூச்சு இரைக்க.

"யம்மா! எங்கள எட்த்துக்கறாங்கம்மா! லோடிங்ல கீற பதினாலு பேரும் பர்மனெண்டு!"

மூன்று வருஷம் வேலை செய்த நாள்களைக் காட்டினால் போதுமாம். அது மெஷினில் இருக்கிறது. போன வருஷக் கடைசியில் காண்ட்ராக்டர் மாறிய அன்றோடு மூடிய பட்டியல். புதன்கிழமை எடுத்துக் கொடுக்கப்போகிறார்கள்.

பிலோமினா அழுதாள். பேத்தி ஸ்டெல்லா என்னவென்று தெரியாமல் தானும் அழுதது. "கான்டீன்ல உக்காந்து துன்னலாம்மா, கேட்டாண்ட நின்னுகினு இல்ல" என்றான் ஆரோக்கியம். அதைத்தான் முதலில் சொன்னான்.

புளியைப் பற்றி இன்று பேசவில்லை.


ஜூலை 12, புதன்

இல்லை.

பட்டியல் மெஷினில் இல்லை. குப்புராஜ் மூன்று தடவை தேடினான். வசந்தி தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துப் பார்த்தாள். ஆறு மாதமாக யாரும் திறக்கவில்லை. டைம் ஆபீஸ் கையெழுத்து தாளில் எங்கேயும் இல்லை. சனிக்கிழமை போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது போல்ட்டு நட்டு விவரம்.

நகல் டேப்? அதன்மேல் வேறு எழுதியாயிற்று.
ஓட்டை போட்ட அட்டைகள்? பொங்கலுக்கு முன்பே தண்டையார்பேட்டைக் கிடங்குக்குப் பழைய பேப்பராக.
கையால் எழுதிய ரிஜிஸ்டர்? மெஷினில் ஏற்றியானதும் கிழித்தாயிற்று.

துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தத் தொறந்து நாளாச்சோ அத்தப் பாரு. என் வாய்தான்.

வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.


ஜூலை 13, வியாழன்

விசாரணை. சாரங்கபாணி சார் மேசை, சுற்றி நாலு பேர். கையெழுத்துப் போடவேண்டியது டைம் ஆபீஸ். அதாவது லோகநாதன்.

"போட்டேன் சார். வெள்ளிக்கிழமை வந்து போட்டேன். கடைசித் தாள்ல இருந்துச்சு."

"இதுல எங்கய்யா இருக்கு? காட்டு."

தாளைப் புரட்டினான். புரட்டினான். இல்லை. மழையில் நனைந்தவன் மாதிரி வியர்வை.

"நான் அன்னிக்கு இந்த ரூமுக்கு வந்தேன் சார். யாரையாவது கேளுங்க."

அந்த நேரம் சார் ரூமில் இல்லை. வசந்தி டீ குடிக்கப் போயிருந்தாளாம். குப்புராஜுக்கு நினைவில்லை, மெஷினுக்குப் பின்னால் இருந்தானாம். சாரங்கபாணி சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாக்கியத்துக்கு எதுவும் மறக்காதே. என்னம்மா, வந்தாரா?"

"வர்ல சார்" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுக்கா," என்றான் லோகநாதன். அக்கா என்கிறான்.

"யோசிக்க இன்னா கீது? உன் மூஞ்ச நான் பாக்கல. எம்புள்ள வேல செஞ்ச நாள ஆப்சென்ட் போட்டவன்தானே நீ? இப்ப மூணு வருசத்தையும் ஆப்சென்ட் போட்டுட்டே. மாதா மேல சத்தியமா, நீ வர்ல."

லோகநாதனுக்கு மெமோ. திங்கட்கிழமைக்குள் பதில் தராவிட்டால் சஸ்பெண்டாம். மகள் கல்யாணம் ஆவணியில் என்று யாரோ சொன்னார்கள். சொல்லட்டும்.

எட்டு வருஷத்தில் இன்றுதான் நெஞ்சு நிறையப் பேசினேன்.


ஜூலை 14, வெள்ளி

சாரங்கபாணி சாரிடம் போய் நின்றேன். பட்டியல் போனால் போகட்டும், நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அந்த மூன்று வருஷத்தில் முதல் வருஷம் ஆரோக்கியம் வேலைக்குப் போகாத நாள்கள்: அம்மை போட்ட ஒன்பது நாள். ஸ்டெல்லா ஞானஸ்நானம். ராயப்பர் திருநாள். புயலில் பஸ் ஓடாத இரண்டு நாள். இரண்டாம் வருஷம்: சுண்டுவிரல் நசுங்கிய பிறகு பதினோரு நாள். அவனோடு லோடிங்கில் இருக்கும் ஏழுமலை, காசிம், பெரிய மைக்கேல், அவர்களுடையதும் தெரியும். ஒரே பஸ்.

கேட்டார். முழுதும் கேட்டார், அதைச் சொல்லவேண்டும். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் நம்பறேம்மா. ஆனா உன் வாயை ஃபைல்ல வெக்க முடியாதே."

குப்புராஜ் பின்னாலிருந்து, "ஆயாவ அந்தத் தட்டுல ஏத்திருக்கலாம் சார், அழியவே அழியாது." சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

வசந்தி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. புரோகிராமை மறுபடி திருத்துகிறாள். இனிமேல் அழிக்கிற முன்னால் இரண்டு தடவை கேட்குமாம். அழித்ததை ஒரு மாதம் வேறு தட்டில் ஒதுக்கி வைக்குமாம். ஒவ்வொரு தாளிலும் 'பத்தில் ஒன்று, பத்தில் இரண்டு' என்று எண்ணும் அடிக்குமாம். நன்றாகத்தான் இருக்கிறது. போன வாரம் இருந்திருந்தால்.

பதினாலு பேருக்கும் புதுக் காண்ட்ராக்டரிடம் முதல் நாளிலிருந்து கணக்கு. ஆரோக்கியத்துக்கு வயது முப்பத்தாறு. கேட்டுக்கு வெளியே நின்று டிபன் பாக்ஸைத் திறந்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.


ஜூலை 15, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். யாரையாவது மன்னிக்காமல் இருக்கிறாயா என்று ஃபாதர் கேட்டார். பட்டியலைச் சொன்னேன். சவரி. குப்புராஜ். லோகநாதன். இன்னும் ஆறு பேர். வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள்.

"இவ்வளவையும் சுமந்துக்கிட்டு எப்படிம்மா நடக்கிறே?"

"பழகிடுச்சு ஃபாதர்."

வேப்பெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன். நான். மறந்துவிட்டேன்.


ஜூலை 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்தேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆரோக்கியம் வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறான். சாயங்காலம் காசிமும் பெரிய மைக்கேலும் வருகிறார்களாம். மூன்று பேரும் காலடிப்பேட்டைக்கு, லோகநாதன் வீட்டுக்கு.

"எதுக்குடா?"

"சும்மா கேக்கத்தான். நீயே சத்தியம் பண்ணியாமே, அவன் வர்லன்னு. அப்புறம் இன்னா?"

அவன் கையில் பஞ்சர் ஒட்டுகிற இரும்பு. கேட்கப் போகிறவன் கை மாதிரி இல்லை.

அவன் போகுமுன், லோகநாதன் வரவில்லை என்பதற்கு ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை எழுதியதை எடுத்துக் காட்டலாம் என்று பெட்டியைத் திறந்தேன். கையில் எழுத்தாகவே இருக்கிறதே, ரூமில் யார் யார் என்று. தேதியோடு.

படித்தேன்.

டைம் ஆபீஸ் லோகநாதன், மூன்று மணிவாக்கில். தோல் செருப்பு, இடது வாரில் ஊக்கு.

என் எழுத்து. நானே எழுதியது. திரும்பப் படித்தேன். மறுபடியும். அந்தச் செருப்பு கண்ணில் வந்தது. ஊக்கு வெயிலில் மின்னியது. ஒரு வாரமாக எங்கே போயிருந்தது?

தாளைத் திருப்பினேன். பச்சைக் கோடு. இங்கிலீஷ். ஒரு நட்சத்திரம், ஒரு நட்சத்திரம், ஒரு நட்சத்திரம். எல்லாம் சிறிசு. சிறிசெல்லாம் கடைசித் தாளில்தானே வரும். நடுவில் ஒரு வரிக்குப் பக்கத்தில் நீல மை. கையெழுத்து. எட்டு வருஷமாக ஆரோக்கியத்தின் வருகை அட்டையில் பார்த்த லோகநாதனின் அதே சுழிப்பு. பேனா மை பட்ட தாளை எடுக்கக்கூடாது என்பது நானே வைத்திருந்த சட்டம். அன்று கோபத்தில் கண் எங்கே இருந்தது.

மேல் ஓரத்தில் கிழிசல். ஒரே இழுப்பு.

ஸ்டெல்லா வந்து தண்ணீர் கேட்டது. கொடுத்தேனா தெரியவில்லை.

இனி செய்யவேண்டியது:
ஆரோக்கியத்திடம் சொல்வது. சைக்கிள் நிமிரும் முன்னால்.
பிறகு நானே காலடிப்பேட்டை போவது. அவன் கையிலேயே தாளைக் கொடுப்பது. நாளைக்கு அவன் பதிலோடு வைக்கட்டும்.
நாள்கள் திரும்பி வராது. ஒரு நாள்கூட வராது. லோகநாதன் வேலை போகாது, அவ்வளவுதான். என் வேலை போகும்.

பின்பக்கம் நான் எழுதியிருப்பதை எல்லோரும் படிப்பார்கள். சவரி, குப்புராஜின் அம்மா வயது, அடக்கத்தன்று ஆப்சென்ட், எல்லாம். வெட்டி எடுக்க முடியாது, கையெழுத்துக்கு நேர் பின்னால்தான் என் எழுத்து. இதையும் அதில் மிச்சம் இருக்கிற இடத்தில்தான் எழுதுகிறேன். படிக்கட்டும்.

யார் பெயரையும் அடிக்கவில்லை. சவரி இருக்கட்டும். குப்புராஜ் இருக்கட்டும். லோகநாதனும் இருக்கட்டும், அடக்கத்தன்று போட்டது போட்டதுதான். அவர்களை என்றைக்காவது மன்னித்தாலும் மன்னிப்பேன். ஃபாதர் கேட்டபோது சொல்லாத பெயர் ஒன்று பாக்கி. அவளை மாட்டேன்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

மரியபாக்கியம்.