நான்கு நொடியில் கடலின் பங்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசியபோது கூடத்தில் இருந்தவர்கள் அப்பா, நான், உன் அக்கா, அவள் வீட்டுக்காரர், சோபாவில் தூங்கிப்போன அவர்களுடைய வாலு, ஆக ஐந்து பேர். ஐவரும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், உன் சுகத்துக்கும் காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, டாக்டர் பயிற்சியாகச் சொன்ன மாடிப்படி ஏறி இறங்குவதை மட்டும் செய்வதில்லை, கேட்டால் "படிக்கு வலிக்கும்" என்கிறார்.

அன்றைக்கு அவர் உன்னிடம், மாடி அறையைத் தையல்காரம்மா வாடகைக்குக் கேட்கிறாங்க, கொடுத்துடட்டுமா, இல்ல நீ திரும்பி வந்துடுவியா என்று கேட்டார் அல்லவா, உன்னிடமிருந்து சத்தமே இல்லை, "சரி, விடு" என்று எழுந்துவிட்டார். அவர் முதுகைத் திருப்பிய பிறகுதான் "வருவேன்ப்பா" என்று உன் குரல் வந்தது. வருவேன் என்றாளே என்று நான் சொல்லியும் கேட்கவில்லை, "வர்றவ எதுக்கு யோசிக்கணும்?" என்று அதையே பிடித்துக்கொண்டார்.

அக்கா வீட்டுக்காரருக்கு நெட்வொர்க் வேலைதானே, குரல் தாமதமாக வருமா என்று அவரைக் கேட்டேன். நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பைத் திறந்து, இங்கிருந்து போகும் செய்தி ஒரு சர்வரைத் தொட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தார். ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கிட்டால் நம் ஊர் சர்வருக்குப் பத்துப் பங்கு, பக்கத்து நாட்டுக்கு அறுபது, உன் ஊருக்கு இருநூற்று நாற்பது. ஏதாவது கோளாறா என்றேன், "கோளாறெல்லாம் இல்ல அத்தை, வெளிச்சமே ஆனாலும் கடலுக்கு அடியில கம்பிக்குள்ள ஓடிப் போய்த் திரும்பணும்ல, அந்தத் தூரத்துக்கு இதுதான் நியாயம், யார் தலைகீழா நின்னாலும் பெரிசா குறையாது" என்றார். ஐந்து நாள் இரண்டு வேளையும் நானே பார்த்துக் குறித்தேன், இருநூற்று முப்பத்தெட்டுக்கும் இருநூற்று ஐம்பதுக்கும் நடுவில்தான் நிற்கிறது. ஒரு வேளை மட்டும் அறுநூறு, அது கடலின் குற்றமில்லை, தூசி துடைத்த நான் வைஃபை பெட்டியை இரும்பு அலமாரிக்குப் பின்னால் தள்ளியிருக்கிறேன். வீடியோவில் படமும் குரலும் சேர்ந்து வர இன்னும் கொஞ்சம் பிடிக்குமாம், தாராளமாக அரை நொடி என்று வைத்துக்கொள்ளலாமாம்.

அப்பாவிடம், அவ்வளவு தூரத்திலிருந்து குரல் வரத் தாமதமாகும், அவள் யோசித்தாள் என்று எதற்கு நினைக்கிறீர்கள் என்று சொன்னேன். முகம் தெளிந்துவிட்டது, ஒன்றாம் தேதி வரை அறைச் சாவியைக் கொடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் முழுதும் இல்லை. பிரார்த்தனையை எண்ணிப் பழகிய விரல் எனக்கு, அப்பா கேட்டு முடித்ததிலிருந்து சுவர்க் கடிகாரத்தோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தது, நான்கு நொடி. அதில் அரை நொடி கடலுக்கு. மீதி மூன்றரை உன்னுடையது. அந்த நேரத்தில் என்ன நினைத்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டும், வீடியோவில் கேட்டால் அப்பா பக்கத்தில் இருப்பார் என்பதால்தான் மெயிலில் எழுதுகிறேன். வர விருப்பமில்லை என்றால் அதையே எழுது, அறையில் தையல் மெஷின் ஓடட்டும், அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பது என் பாடு. அவருக்காக மட்டும் வருவேன் என்று சொல்லாதே.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். கடவுள் உன்னோடு இருப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா

ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது, சீக்கிரம் பதில் எழுது.